உதட்டில் நின்ற நீலம்

ராஜபாளையத்தில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் நசீமா டீச்சரின் ஸ்டுடியோ இருந்தது. அவர் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. முகங்களைப் படம் எடுக்கக் கற்றுக்கொடுப்பவர். அதனால் ஊர் அவரை அப்படிக் கூப்பிட்டது.

அவரிடம் படிக்க வந்தவர்களில் வயதில் மூத்தவர் தில்லைநாயகம். டீச்சருக்கு அப்பா வயது இருக்கும். சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில், கம்ப்யூட்டரில் நிறம் திருத்தும் வேலையில் வெகுகாலம் இருந்தவர். எந்த முகத்திலிருந்தும் எந்த நிறத்தையும் எடுத்துவிடுவார். அடுத்தவர் எடுத்த முகங்களைத் திருத்தியது போதும், இனி நாமே எடுப்போம் என்று வந்து சேர்ந்திருந்தார்.

டீச்சர் அவரை அண்ணாச்சி என்பார். அவர் டீச்சர் என்பார்.

வந்த புதிதில் அவர் கேட்டார்.

“டீச்சர், வேண்டாத நிறம் முகத்துல விழுந்துட்டா எப்படி எடுக்கணும்?”

அன்று ஒரு வக்கீல் படத்துக்கு உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டர் திரையில் அவருடைய தாடைக்குக் கீழே பச்சை படர்ந்திருந்தது.

“எங்கேயிருந்து வந்துச்சு?” என்று கேட்டார் டீச்சர்.

“எங்கேயிருந்து வந்தா என்ன? ஒரு நிமிஷத்துல எடுத்துருவேன்.”

டீச்சர் எழுந்து போனார். வக்கீலின் மடியில் பச்சை அட்டை போட்ட ஃபைல் இருந்தது. அதன்மேல் ஒரு வெள்ளைத் துண்டை விரித்துவிட்டு மறுபடி எடுத்தார். பச்சை இல்லை.

“நான் நிறத்தக் கம்ப்யூட்டர்லயே எடுத்திருந்தாலும் இதே படம்தான வந்திருக்கும்?”

“வந்திருக்கும். ஃபைலு உங்க கண்ணுல பட்டிருக்காது.”

ஃபைல் கண்ணில் பட்டு என்ன ஆகப்போகிறது என்று தில்லைநாயகத்துக்குத் தோன்றியது. ஆனாலும் அன்றிலிருந்து டீச்சர் செய்தபடியே செய்தார். கன்னத்தில் ஆரஞ்சு அடித்தால் பிளாஸ்டிக் குடத்தைத் தேடி நகர்த்தினார். நெற்றியில் மஞ்சள் விழுந்தால் வராந்தா விளக்கை அணைத்தார். வேலை இழுத்தது. உள்ளுக்குள் சலித்துக்கொண்டார்.

ஆடி மாதத்தில் ஒரு காலை. டீச்சர் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போயிருந்தார். ஒரு கணவனும் மனைவியும் கைக்குழந்தையோடு மாடியேறி வந்தார்கள்.

கணவன் பெயர் செல்லப்பாண்டி. நூல் மில்லில் வேலை. மனைவி மாரீஸ்வரி. அடர்ந்த நீலத்தில் புடவை கட்டியிருந்தாள். பிள்ளை தர்ஷன், இன்னும் ஒரு வயது ஆகவில்லை. தலை நிறைய சுருட்டை முடி.

“கொலதெய்வத்துக்கு மொட்டை போடப்போறோம் அண்ணாச்சி,” என்றான் செல்லப்பாண்டி. “அதுக்கு முன்னாடி முடியோட ஒரு படம் வேணும்.”

ஜன்னல் பக்கம் தாயை உட்காரவைத்து, மடியில் பிள்ளையை வைத்து, தில்லைநாயகம் முதல் படத்தை எடுத்தார். திரையில் பார்த்தார். பிள்ளையின் உதடு நீலமாக இருந்தது.

புடவை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டார். மாரீஸ்வரியின் மடியில் வெள்ளைத் துண்டை விரித்து, தோளையும் மூடி, மறுபடி எடுத்தார்.

உதடு நீலமாகவே இருந்தது.

பின்னால் தொங்கிய சாம்பல் திரைத்துணியில் கொஞ்சம் நீலம் உண்டு. அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டார். எடுத்தார். போகவில்லை.

எதிர் மாடியில் யாரோ நீலத் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். ஜன்னலைச் சாத்தினார். வெள்ளை விளக்கைப் போட்டார். எடுத்தார்.

ஒவ்வொரு நிறமாக அறையை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தது. அவருக்குச் சலிப்பு போய், சந்தேகம் வந்தது.

“இங்க குடும்மா பிள்ளைய,” என்று வாங்கி மாடிப்படி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். அங்கே எந்த நிறமும் இல்லை. சுண்ணாம்பு அடித்த சுவர் மட்டும்தான். பிள்ளையின் விரலைத் தன் விரலோடு சேர்த்துப் பார்த்தார். அவருடைய நகம் வெளுத்த சிவப்பு. பிள்ளையின் நகம் நாவல்பழம் தின்றதுபோல் இருந்தது. பிள்ளை அவர் விரலைப் பிடித்துக்கொண்டது.

“என்ன அண்ணாச்சி பாக்குறீங்க?” மாரீஸ்வரி பின்னாலேயே வந்து நின்றாள்.

“வெளிச்சம் சரியில்லம்மா.”

அவள் பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். இவ்வளவு நேரத்தில் அவள் ஒரு தடவைகூடத் திரையைப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

செல்லப்பாண்டி செல்போனை நீட்டினான். “போன மாசம் வேற ஒரு கடையில எடுத்தோம். இந்த மாதிரி போட்டுக் குடுங்க, போதும்.”

அதில் அதே பிள்ளை. உதடு ரோஜா நிறம்.

“எங்க அண்ணன் கோயமுத்தூர்ல மருந்துக்கடையில இருக்கான். இவ ஏதோ பயப்படுறாளேன்னு இத அனுப்புனேன். பாத்துட்டு, பிள்ளைக்கு ஒரு குறையுமில்ல, ஜம்முன்னு இருக்கான்னுட்டான்.”

அந்த ரோஜா நிறம் எங்கேயிருந்து வந்தது என்று தில்லைநாயகத்துக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. அவரே ஆயிரம் முகங்களுக்கு அதைப் பூசியிருக்கிறார்.

“போடுங்க அண்ணாச்சி. எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாச்சு.”

அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். பழகின கை தானாகப் போனது. உதட்டைச் சுற்றி ஒரு வட்டம். நீலம் இறங்கியது. ரோஜா ஏறியது.

மாரீஸ்வரி முதல் தடவையாகத் திரையைப் பார்த்தாள்.

“இப்ப நல்லா இருக்கான்ல,” என்றாள். குரல் கெஞ்சுவதுபோல் இருந்தது.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்து, அவள் மடியிலிருந்த பிள்ளையைப் பார்த்தார். கையை மவுஸிலிருந்து எடுத்தார்.

கீழே ஸ்கூட்டி நிற்கும் சத்தம் கேட்டது. அவர் எழுந்துபோய்ப் பாதிப் படியிலேயே டீச்சரை நிறுத்தினார்.

“டீச்சர், ஒரு நிறம் போகமாட்டேங்குது.”

“எல்லாத்தையும் மூடிப் பாத்தீங்களா?”

“பாத்துட்டேன்.”

“அப்ப எங்கேயிருந்து வருது?”

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலே அறைப்பக்கம் பார்த்தார்.

“அண்ணாச்சி.”

“சொல்லப் பயமா இருக்கு டீச்சர். நான் டாக்டர் இல்ல. ஒரு தாய்கிட்ட இத எப்படிச் சொல்றது? தப்பாப் போச்சுன்னா?”

டீச்சர் மேலே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, மாரீஸ்வரிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். பிள்ளையின் பாதத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். அங்கும் நகம் நீலம்; இப்படி ஒரு பிள்ளையை அவர் முன்பே பார்த்திருந்தார்.

“பால் குடிக்கறப்ப நிறுத்தி நிறுத்திக் குடிக்கிறானா?”

மாரீஸ்வரி தலையாட்டினாள்.

“நெத்தியில வேர்க்குதா?”

“தலகாணி நனைஞ்சிரும்.”

“இந்தக் கலரு எப்பயிருந்து?”

“பொறந்தப்ப இல்லக்கா. அப்புறம் அழுதா வந்துச்சு. இப்ப அழாமலே இருக்கு.”

“யார்கிட்டயும் சொல்லலையா?”

“அத்தை, கண்ணன் கலர்ல வந்திருக்கான், கண்ணு வைக்காதங்கறாங்க. ஊசி போடப் போனப்பவும் கூடவே நின்னு, நர்ஸுகிட்டப் பேச விடல. இவர்கிட்ட சொன்னா போட்டோவைக் காட்டுறாரு.”

செல்லப்பாண்டி எழுந்துவிட்டான்.

“படம் எடுக்கத்தான வந்தோம். எம்பிள்ளைக்கு நோவுன்னு சொல்ல நீங்க யாரு? ஏய், கெளம்பு.”

அதட்டலில் பிள்ளை திடுக்கிட்டு அழுதது. அழ அழ, உதட்டிலிருந்த நீலம் முகமெல்லாம் பரவியது. அழுகை மெலிந்தது. பிறகு சத்தமே இல்லை. வாய் மட்டும் திறந்திருந்தது.

யாரும் அசையவில்லை. மாரீஸ்வரி மட்டும் பிள்ளையைத் தோளில் சாய்த்து, முழங்கால் இரண்டையும் மடக்கி அதன் நெஞ்சோடு அழுத்திப் பிடித்தாள். அவள் கை பதறவில்லை. பழகின கையாக இருந்தது.

“இப்படிப் பிடிச்சா கொஞ்ச நேரத்துல மூச்சு வந்துரும்,” என்றாள்.

செல்லப்பாண்டி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிள்ளைக்கு மூச்சு வந்தது. சின்னதாக ஒரு முனகல்.

“இது முன்னாடியும் வந்திருக்கா?” அவன் குரல் அடங்கியிருந்தது.

“நீங்க மில்லுக்குப் போனப்புறம் வரும்.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா நெசமாயிருமோன்னு பயம்.”

டீச்சர் எழுந்தார். ஜவுளிக்கடைக்காரருக்குப் போன் போட்டு, கார் வேண்டும், மதுரைக்கு, இப்போதே என்றார். கம்ப்யூட்டரில் ரோஜா உதட்டுப் படத்தை அழித்தார். வெள்ளைத் துண்டோடு இருந்த நீல உதட்டுப் படத்தைப் பிரிண்ட் எடுத்துச் செல்லப்பாண்டியிடம் கொடுத்தார்.

“போறதுக்குள்ள கலரு கொஞ்சம் எறங்கிட்டாலும், டாக்டர்கிட்ட இதக் காட்டுங்க. உங்க அண்ணனுக்கும் இதையே அனுப்புங்க.”

அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

“அண்ணாச்சி, நீங்க கூடப் போங்க,” என்றார் டீச்சர்.

தில்லைநாயகம் அவரைப் பார்த்தார். “உங்களுக்குப் பயமா இல்லையா டீச்சர்?”

“கைய விட்டா காலு நிக்காதுன்னுதான் மேசையப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். போங்க.”

காரில் தில்லைநாயகம் முன்சீட்டில் திரும்பி உட்கார்ந்து பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். புளியமரங்களின் பச்சை பிள்ளையின் முகத்தில் விழுந்து போனது. ஒரு லாரியின் சிவப்பு விழுந்து போனது. உதட்டில் இருந்தது அப்படியே இருந்தது. பிள்ளை கண்ணை மூடும்போதெல்லாம் அவர் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதன் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தார்.

மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா படத்தைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். இதயத்துக்குள் ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் வழியும் அடைபட்டுக் குறுகியிருக்கிறது, நல்ல ரத்தத்தில் கெட்ட ரத்தம் கலக்கிறது என்றார்கள். ஆபரேஷன் செய்தாக வேண்டும். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டரம்மா, மாரீஸ்வரியின் முகத்தைப் பார்த்துவிட்டு, வாக்கியத்தை முடிக்கவில்லை.

தில்லைநாயகம் ஊர் திரும்பினார். ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அந்த நாளில் அவர் ஸ்டுடியோவுக்கு வந்தார், ஒரு வேலையும் செய்யவில்லை. போனை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீச்சரும் யாரையும் படம் எடுக்கவில்லை.

சாயங்காலம் போன் வந்தது. செல்லப்பாண்டி.

“முடிஞ்சிருச்சு அண்ணாச்சி. கண்ணாடி வழியாப் பாக்க விட்டாங்க. வெரலு சிவப்பா இருக்கு. அதையேதான் பாத்துக்கிட்டு நிக்கேன். கண்ண எடுத்தா மாறிருமோன்னு இருக்கு. ரெண்டு நாள் தாண்டட்டும்னு டாக்டரம்மா சொல்றாங்க.”

இரண்டு நாளும் தாண்டியது. பிள்ளை பால் குடித்தான் என்று மாரீஸ்வரியே பேசினாள். நிறுத்தாமல் குடித்தான் என்றாள்.

போனை வைத்துவிட்டுத் தில்லைநாயகம் நாற்காலியை டீச்சர் பக்கம் இழுத்துப்போட்டார். உட்கார்ந்து கேட்டார்.

“டீச்சர், நான் பயந்தது தப்பாப் போயிருந்தா? அது வெறும் புடவைக் கலராவே இருந்திருந்தா?”

டீச்சர் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஒரு புடவையப் பாத்துப் பயந்தவங்கன்னு அந்தப் பொண்ணு ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சிருக்கும், அண்ணாச்சி.”