ஒரு கிராம்

குன்னூரில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவுக்கு முப்பத்தாறு வயது, சீடருக்கு எழுபத்துநான்கு. ரெக்கார்டு ப்ளேயர் பழுது பார்க்கும் பர்வீன்தான் குரு. சீடர் ஜெபமணி, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளைப் பெஞ்சுமேல் ஏற்றிய மனிதர், எட்டுச் சனிக்கிழமைகளாகப் பர்வீன் கடை ஸ்டூலில் பவ்யமாக உட்கார்ந்து குறிப்பெடுத்தார். 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்.

அவ்வளவு பாடும் ஒரே ஒரு இசைத்தட்டுக்காக. பள்ளிப் பிள்ளைகள் பாடிய கிறிஸ்துமஸ் தட்டு அது. கடைசிப் பாட்டில் இரண்டு வரிகளை அவர் மகள் ஹெப்சி தனியாகப் பாடியிருந்தாள், எட்டு வயதில். இப்போது நாக்பூரில் பேரன் எடுக்கும் வயதில் இருக்கிறாள். மனைவி போன பிறகு அந்த வீட்டில் வேறு குரல் கிடையாது. அதுவும் சில மாதங்களாகச் சீற ஆரம்பித்திருந்தது.

ஒன்பதாம் வாரம், ஞாயிற்றுக்கிழமை, பர்வீனே ஜெபமணியின் வீட்டுக்கு வந்தார்.

“ஊசி புதுசு மாத்திட்டேன் டீச்சர். தட்டைக் கழுவினேன். ஊசி மாட்டுற கார்ட்ரிட்ஜை நீங்க சொன்னபடி நேராக்கினேன். ஆனாலும் 'ச' வர்ற இடமெல்லாம் எண்ணெயில கடுகு போட்ட மாதிரி வெடிக்குது.”

பர்வீன் ப்ளேயர் மூடியைத் திறப்பதற்குள் ஜெபமணியின் போன் அடித்தது.

“நல்லா இருக்கேன் பாப்பா… கையா? அது அப்பவே சரியாப் போச்சு… சாப்பிட்டேன், சாப்பிட்டேன். உனக்கு வேலை இருக்கும், வெச்சிடறேன்.”

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. போனை மேசைமேல் வைத்த வலது கையில், மணிக்கட்டைச் சுற்றிப் பெரிய கட்டு. அடுப்பில் காலையில் காபி போட்ட பாத்திரம் தவிர ஒன்றும் இல்லை. பர்வீன் இரண்டையும் பார்த்தார்.

“பொண்ணா சார்?”

“ஆமா. வாரம் தவறாமப் பேசிடும். நாமதான் தொந்தரவு பண்ணக்கூடாது. அதுக்கு ஆயிரம் சோலி.”

“ஊசி தட்டை அழுத்த எடை எவ்வளவு வெச்சிருக்கீங்க?”

“ஒரு கிராம்.”

“ஊசிப் பெட்டியில ரெண்டுன்னு போட்டிருக்கே.”

“தெரியும் டீச்சர்.” ஜெபமணிக்குப் பெருமை தாங்கவில்லை. “இருக்கிறது ஒரே தட்டு. தேஞ்சு போயிட்டா நான் எங்க போவேன்? அதான் பாதியாக் குறைச்சுட்டேன். அவ ரெண்டு வரி முடிஞ்சதும் தூக்கிடுவேன்.”

பர்வீன், ஊசியைத் தாங்கும் கையின் பின்னால் இருந்த எடையைத் திருகினார். அந்தக் கை, தட்டுக்கு மேலே அந்தரத்தில் அசையாமல் நின்றது.

“இப்போ தேயவே தேயாது சார்.”

“பாட்டு வராதே.”

“வராது.”

கொஞ்சம் திருகி ஒரு கிராமில் இறக்கினார். பிள்ளைகளின் குரல் சீறியது.

“இது நீங்க வெச்சது. பயந்து பயந்து உட்கார்ற ஊசி தடத்துல நிக்காது. துள்ளும். துள்ளுற ஊசிதான் தட்டைக் கீறும்.”

ஜெபமணியின் முகம் வாடிவிட்டது. “அப்போ நாந்தான் கெடுத்தேனா? தேயக்கூடாதுன்னு பார்த்துப் பார்த்து, நானேவா?”

பர்வீன் இரண்டு கிராமுக்குத் திருகி, கடைசிப் பாட்டில் ஊசியை வைத்தார்.

ஹெப்சி பாடினாள். வரிக்கு முன்னால் அவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. ஓரிடத்தில் மட்டும் பழைய கீறல் சொரசொரத்தது. மற்றபடி மழையில் கழுவிய இலை போல இருந்தது குரல். கிழவர் அழுதார். அதை மறைக்கவும் இல்லை.

“ரெண்டு கிராம்…” என்றார் மெதுவாக. “அவ தாங்குவாளா டீச்சர்?”

தட்டை அவர் அதுவரை 'அவ' என்று சொன்னதில்லை.

பர்வீன் அவருடைய மணிக்கட்டைப் பார்த்தார்.

“நீங்க அவ மேல பாரத்தை இதுவரைக்கும் வெச்சே பார்க்கலையே சார்.”

பாட்டு முடிந்து தட்டு சும்மா சுற்றிக்கொண்டிருந்தது, ஜெபமணி ஊசியைத் தூக்கவும் மறந்துபோனார். கட்டுப் போட்ட கையை மேசைமேல் கிடந்த போனுக்கு நீட்டினார்.