ஐந்து வருஷ டெபாசிட்டும் ஓர் அண்டாத் தயிரும்

ஆவுடையப்பன் ஓய்வு பெற்ற பிறகுதான் செண்பகவல்லி அம்மாளிடம் சீடராகச் சேர்ந்தார். குருவைவிட வயதில் மூத்தவர். தாலுகா ஆபீசில் சூப்பிரண்டாக இருந்தவர். ஞானம் ஒன்றுதான் பாக்கி, மற்றதெல்லாம் தமக்குத் தெரியும் என்பது அவர் எண்ணம்.

தை மாதத்தில் திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்களுக்கு அம்மாளின் மடத்தில் தயிர்சாதம் உண்டு. அரிசி மடத்து வயலில் விளைந்தது. வயல் நாலுவழிச் சாலைக்குப் போய்விட்டது, நஷ்டஈட்டுத் தொகை வந்தது. இனி அந்தப் பணம்தான் அரிசி. அதைத் தப்பாகப் போட்டு வைத்தால் மடத்தில் அடுப்பு எரியாது.

ஒரு நாள் காலை ஆவுடையப்பன் பேங்கில் கொடுத்த வட்டி விவரத்தோடு வந்து நின்றார்.

"அம்மா, எவ்வளவு காலத்துக்குப் போடலாம்? ஒரு வருஷத்துக்கு வட்டி கம்மி. அஞ்சு வருஷத்துக்குத்தான் இருக்கிறதிலேயே ஜாஸ்தி. மொத்தத்தையும் அதிலேயே போட்டிரலாம்னு நினைக்கேன். மத்தியானம் போய்க் கையெழுத்துப் போட்டா முடிஞ்சது."

"நடுவுல தேவைப்பட்டா?"

"உடைக்கலாம். ஆனா பணம் எத்தனை நாள் இருந்ததோ அந்தக் காலத்துக்கு உள்ள வட்டிதான் தருவான். அதிலயும் ஒரு சதவீதம் பிடிச்சிக்கிடுவான்."

"கொஞ்சமா எடுக்க முடியாதா?"

"ஒரே ரசீதும்மா. உடைச்சா முழுசாத்தான் உடைக்கணும். ஆனா நாமதான் எடுக்கப் போறதில்லையே!"

"சரி அண்ணாச்சி. போறதுக்கு முன்னால பாலுக்கு உறை ஊத்திட்டுப் போங்க."

பால் காய்ந்து, வெதுவெதுப்பாக ஆறியிருந்தது. பக்கத்தில் சின்னப் பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. ஆவுடையப்பன் அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. பெரிய அண்டாவை இழுத்து அத்தனை பாலையும் அதில் ஊற்றி உறை விட்டார்.

"ஒரே அண்டா, ஒரே மூடி. கழுவுறதும் ஒண்ணு" என்றார். கழுவப் போவது என்னவோ அவர் இல்லை.

"நடுவுல யாராவது வந்துட்டா?"

"வர மாட்டாங்கம்மா. ராஜபாளையத்துக் கூட்டம் சாயங்காலம்தான். போன் போட்டுக் கேட்டாச்சு."

சட்டையை மாற்றிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். வாசலில் பச்சை வேட்டிகள் நின்றன. ராஜபாளையத்துக் கூட்டம்தான். வெயிலுக்குப் பயந்து பாதிப் பேர் விடியுமுன்பே நடக்கத் தொடங்கிவிட்டார்களாம்.

"அண்ணாச்சி, சோறு ஆயிட்டா? காலு ரெண்டும் விட்டுப்போச்சு."

ஆவுடையப்பன் உள்ளே ஓடினார்.

"இலை போடுங்க" என்றார் அம்மாள். "அண்டாவைத் திறங்க."

"அம்மா, இன்னும் உறையல! இப்போ கரண்டி விட்டா மொத்தமும் நீர்த்துப் போகும்."

"கொஞ்சமா எடுங்க."

"கொஞ்சமா எடுத்தாலும் அதே கதிதாம்மா. கலங்கிட்டா அப்புறம் சேராது."

"தெரிஞ்சிருக்கே உங்களுக்கு" என்றார் அம்மாள்.

உறைகிற தயிரில் கரண்டி விடக்கூடாது என்று ஓர் ஆண்பிள்ளைக்குத் தெரிந்திருப்பதே பெரிய விஷயம்தான். ஆனால் பசித்தவர்கள் இலைமுன் உட்கார்ந்துவிட்டார்கள். வேறு வழியில்லை. கரண்டியை விட்டார்.

பெரியவர் ஒருவர் பிசைந்து ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தார். "அண்ணாச்சி, இது தயிரா, இல்ல இனிமேதான் தயிராகப் போகுதா?"

பந்தியே சிரித்தது. ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டு எழுந்தார்கள்.

சாயங்காலம் மீதிப் பேர் வந்தார்கள். அண்டாவில் திப்பி ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். "மோருன்னு சொல்லுங்க, குடிச்சிட்டுப் போறோம்" என்றாள் ஒருத்தி. ஆவுடையப்பன் உப்பை எடுத்துக் கொடுத்தார். பேங்குக்கு அன்றைக்கு அவர் போகவில்லை. அண்டாவை அவரே தேய்த்தார்.

மறுநாள் காலை அடுப்படியில் நாலு சின்னப் பாத்திரங்களை வரிசையாக வைத்துக்கொண்டு பாலைப் பங்கிட்டார். அம்மாள் வந்து நின்றார்.

"பேங்குலயும் இதே மாதிரி நாலு ரசீதாப் பிரிச்சிப் போடப் போறேம்மா. ஒண்ணு ஒரு வருஷம், ஒண்ணு ரெண்டு வருஷம், ஒண்ணு மூணு, ஒண்ணு அஞ்சு. தேவைப்பட்டா ஒண்ணை உடைக்கலாம், மத்தது அது பாட்டுக்குக் கிடக்கும். ஒரு காசும் சும்மா கிடக்காது."

குரு பாராட்டுவார் என்று முகத்தைப் பார்த்தார்.

"எல்லாத்துக்கும் உறை ஊத்தியாச்சா?"

"இதோ, இந்த ஒண்ணுதான் பாக்கி."

அம்மாள் அந்தப் பாத்திரத்தை மட்டும் அவர் கைக்கு எட்டாமல் நகர்த்தி வைத்தார்.

"இது பாலாவே இருக்கட்டும் அண்ணாச்சி. கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டும் நடந்து வருவாங்க."