ஹெலிகாப்டர் கேட்டவரும் கீச்சுக் குருவியும்

இந்தக் கதையில் ஒரு குருவி வருகிறது. சிரிப்பு அதனிடம்தான் இருக்கிறது. அவசரப்பட்டால் கிடைக்காது. முதலில் சீடர் புலம்ப வேண்டும்.

"குருவம்மா, எனக்கு ஹெலிகாப்டர்தான் வேணும்."

புலம்பியவர் சேர்மக்கனி. வயது ஐம்பத்திரண்டு. முப்பது வருஷமாகக் கல்யாண வீடியோ எடுப்பவர். எதைச் சொல்வதற்கு முன்னாலும் தொண்டையைச் செருமுவார். க்ர்ர்ஹும். இப்படி.

குரு ஜெசிந்தா. சீடரைவிட இருபது வயது சின்னவர். ரிமோட்டில் பறக்கிற சாமான் எது விழுந்து நொறுங்கினாலும் மறுபடி பறக்க வைத்துத் தருவார். திசையன்விளைக்கு வெளியே காய்ந்து கிடக்கிற குளம், ஓர் உடைமுள் மரம், அதன் கீழே பிளாஸ்டிக் நாற்காலி.

அதுதான் ஆசிரமம்.

"என்னத்துக்குண்ணே?"

"வெள்ளிக்கிழமை என் மக அபிஷாவுக்குக் கல்யாணம்லா. அவ பந்தலுக்கு நடந்து வாறதை மேலேர்ந்து நானே எடுக்கணும். ஊரான் பிள்ளைகளை எல்லாம் எடுத்தேன். என் பிள்ளையை அடுத்தவன் எடுக்கதா?"

"மல்டிகாப்டர்ல எடுங்க."

"அந்த நாலு விசிறி ட்ரோனையா? பத்தாப்பு படிக்கிற பய எல்லாம் வச்சிருக்கான். வண்டு கணக்கா ங்ங்ங்ங்னு. ஹெலிகாப்டர்னா தப தப தபன்னு வந்து நிக்கும். ஒரு சார்ஜுல கூடுதல் நேரம் பறக்கும். மோட்டார் நின்னாலும் றெக்கை சுத்துத வேகத்துலயே மெதுவா இறக்கிரலாம். மல்டிகாப்டர்ல ஒரு மோட்டார் போச்சுன்னா? தொப்."

"சரிதான்," என்றார் குரு.

சீடருக்கு ஏமாற்றம். சண்டைக்குத் தயாராக வந்திருந்தார்.

"அப்பம் தாங்க."

குரு எழுந்தார். மரத்தடியில் கிடந்த மண்பானையை எடுத்துக்கொண்டு நாற்பது தப்படி நடந்தார். வெட்டவெளியில் கவிழ்த்து வைத்தார்.

"இதுதான் அபிஷா."

"வாயைக் கழுவுங்க!"

"மல்டிகாப்டரை அவ தலைக்கு மேலே அஞ்சு நிமிஷம் நிறுத்துங்க. உங்க கை நிறுத்திச்சுன்னா ஹெலிகாப்டர் உங்களுக்கு."

"இவ்வளவுதானா? முப்பது வருஷம் கேமரா பிடிச்ச கை!"

நாற்காலிக்குப் பின்னால், ஒரு சாக்கின் மேல் ஹெலிகாப்டர் உட்கார்ந்திருந்தது. குரு அதன் மோட்டார் வயரை மட்டும் கழற்றிவிட்டார். பிறகு மல்டிகாப்டரை அவரே கிளப்பிப் பானைக்கு நேர் மேலே கொண்டுபோய் நிறுத்தினார்.

"கண்ணை அதுலேர்ந்து எடுக்கக் கூடாது. எடுத்தா தோத்தீங்க."

சீடர் அண்ணாந்தார். குரு அவர் கையில் ரிமோட்டை வைத்தார்.

இந்த இடத்தில் இன்னொன்றும் நடந்தது. சொன்னால் சிரிப்பு இப்போதே வந்துவிடும். ஆகவே சொல்லவில்லை.

காற்று வந்தது. மல்டிகாப்டர் இடப்பக்கம் சாய்ந்தது. சீடர் கட்டைவிரலை வலப்பக்கம் தள்ளினார்.

கீச்.

மல்டிகாப்டர் திரும்பி வந்து நின்றது.

"பாத்தியளா!"

மறுபடி காற்று. மறுபடி விரல். கீச். வந்து நின்றது.

"இதென்ன குருவி, கவனத்தைக் கலைக்கு."

"எந்தப் பக்கம் கத்துது?"

"பின்னாடி."

"நல்லாக் கத்துதா?"

"எங்கே நல்லா? எண்ணெய் போடாத கதவு மாதிரி இருக்கு."

நாலாவது நிமிஷம் பனங்காட்டிலிருந்து ஒரு காற்று வந்தது பாருங்கள், சீடரின் வேட்டியே பறந்தது. இரண்டு கட்டைவிரலும் திக்குத்திசை தெரியாமல் ஓடின. கீச், கீச்கீச், கீஈஈச்ச்!

மல்டிகாப்டர் ஒரு முழம் தள்ளாடியது. பானைக்கு மேல் வந்து நின்றது.

சீடரின் மூக்கு நுனியில் வியர்வை தொங்கியது. துடைக்கவில்லை.

"விட்டேனா? விட்டேனா பாத்தியளா!"

"அஞ்சு நிமிஷம் ஆச்சுண்ணே."

"க்ர்ர்ஹும். ஹெலிகாப்டர்?"

"எடுத்துக்கோங்க. ஆனா அந்தக் குருவியை முதல்ல விரட்டிருங்க. கல்யாணத்துக்கும் வந்துரும்."

"அது எப்படி அங்கே வரும்?"

"உங்ககூடத்தான் வரும்."

சீடர் அண்ணாந்தபடியே "உஸ்ஸ்" என்றார். குருவி பேசவில்லை.

சின்னதாகக் காற்று. விரல் நகர்ந்தது.

கீச்.

விரலை நிறுத்தினார். குருவியும் நிறுத்தியது.

காற்றில்லாமலே மெல்ல இடப்பக்கம் தள்ளினார்.

கீச்.

வலப்பக்கம்.

கீச்.

சீடர் திரும்பினார்.

குருவி இல்லை. சாக்கு இருந்தது. சாக்கின் மேல் ஹெலிகாப்டர். கட்டைவிரலை மறுபடி தள்ளினார். றெக்கைகளுக்குக் கீழே இருக்கிற தட்டு, யாரோ கூப்பிட்ட மாதிரி ஒருபக்கமாகச் சாய்ந்தது. தட்டு சாய்கிற பக்கம்தான் ஹெலிகாப்டர் பாயும். கீச்.

குருவின் மடியில் ஒரு துண்டு. துண்டுக்கு அடியிலிருந்து இன்னொரு ரிமோட் எட்டிப் பார்த்தது. அதே கம்பெனி, அதே கறுப்பு. பச்சை விளக்கு எரிந்தது. மல்டிகாப்டரைக் கிளப்பிய அதை அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை.

சீடர் மேலே பார்த்தார். மல்டிகாப்டர் யார் கையும் படாமல் அதுபாட்டுக்குத் தானாகவே நின்றுகொண்டிருந்தது.

"அப்பம் இவ்வளவு நேரமும் நான்..."

ஹெலிகாப்டரைப் பார்த்தார். பானையைப் பார்த்தார். பானையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை தடவை கத்திச்சு?" குரல் இறங்கியிருந்தது.

"நான் எண்ணலைண்ணே. கேட்டுக்கிட்டு இருந்தது நீங்கதானே."

காற்று நின்றிருந்தது. சேர்மக்கனி தொண்டையைச் செருமப் பார்த்தார். செருமல் வரவில்லை. முதலில் தோள் குலுங்கியது. பிறகு வயிறு.

விரலை எடுக்க மறந்துவிட்டார்.

கீச்கீச்கீச்கீச்கீச்கீச்.