கடலுக்கு அடியில் மூட்டிய அடுப்பு

வெகு காலத்துக்கு முன்னால், மீன்கள் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த நாளில், சாளைத்துறை என்று ஒரு கடற்கரை இருந்தது. சின்னவர்களே கேளுங்கள், பெரியவர்களும்தான்.

அங்கே கரைவலை இழுப்பார்கள். வலையைக் கடலில் அரைவட்டமாக விட்டுவிட்டு, அதன் இரண்டு கயிறுகளையும் கரையில் நின்று ஊரே இழுக்கும். ஒரு கயிற்றுக்காரர்கள் 'ஏலேலோ' என்றால் மறு கயிற்றுக்காரர்கள் 'ஐலசா' என்பார்கள்.

ஒரு வருஷம் கடல் சுட்டது. முதலில் சாளை மீன் வந்து, "தண்ணி சுடுது, நாங்க வடக்கே போறோம்" என்றது. அடுத்து அயிலை வந்து, "தண்ணி சுடுது, நாங்களும் வடக்கே போறோம்" என்றது. கடைசியில் பாறை மீன் வந்தது. "தண்ணி சுடுது, நாங்க ஆழத்துக்குப் போறோம்" என்று சொல்லி உள்ளே இறங்கிவிட்டது.

மீன் போன பிறகு ஊருக்கு என்ன வேலை? படகுகளும் வடக்கே கிளம்பின. பெரிய கரைவலையை ஏற்ற இடமில்லை. அதைக் காயப்போட்டுப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். வலம்புரி என்ற பெண், நான் இருக்கிறேன் என்றாள்.

"தண்ணி ஆறட்டும், வந்துருதேன்" என்றான் அவள் கணவன் திரையன். ஒரு மாதத்தில் வந்துவிடுவான் என்று நம்பினாள், பாவம்.

வருஷங்கள் போயின. காகங்கள்கூட வேறு கரை பார்த்துப் போய்விட்டன. ஒருநாள் தாங்க முடியாமல், தானே தோணியில் போய் வலையை விட்டு வந்து, ஒரு கயிற்றைப் பிடித்து 'ஏலேலோ' என்றாள். பதில் சொல்ல ஆளில்லை. மணலில் உட்கார்ந்து அழுதாள்.

அவள் பார்த்தறியாத ஒரு நீல மீன் தலையை நீட்டியது. "நான் தெக்கேயிருந்து வந்தவன். எங்க கடல் இதைவிடச் சுடுது. கருந்தீவுக் குகையில கூதலன்னு ஒரு மந்திரவாதி கடலுக்கு அடியில அடுப்பு மூட்டியிருக்கான். எனக்கும் இங்க யாரையும் தெரியாது, தாயி."

வலம்புரி தோணியைத் தள்ளினாள். குகையில் கூதலன் மூன்று கம்பளிகளைப் போர்த்திக்கொண்டு வெடவெடத்துக்கொண்டிருந்தான். வானத்தையே ஆட்டிவைக்கிற ஆசாமிக்கு ஒரு தும்மலை நிறுத்தத் தெரியவில்லை.

"ஏன்யா கடலைச் சுட வைக்கீரு?"

"குளிருது அம்மா. எவ்வளவு மூட்டினாலும் குளிருது."

அவள் அவன் கைகளைப் பார்த்தாள். சோறும் மந்திரத்தில் வந்தது, துணியும் மந்திரத்தில் வந்தது. ஒரு குடம் தண்ணீர் தூக்கியறியாத கைகள்.

"இதுக்கு எங்க கரையில வழி இருக்கு. ஒரு கயிறு பிடிக்க வாரும்."

அதுவரை கூதலனை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை. கம்பளிகளோடு பின்னாலேயே வந்தான்.

"ஏலேலோ" என்றாள்.

"நான் என்ன சொல்லணும்?"

"ஐலசா."

"ஐலசா" என்றான், வெட்கத்தோடு. இழுக்க இழுக்க முதல் கம்பளி விழுந்தது, இரண்டாவது விழுந்தது, மூன்றாவதை அவனே கழற்றி எறிந்தான்.

"நெத்தியில ஏதோ ஒழுகுதே, மழையா?"

"வேர்வை."

அவன் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். வலையில் வந்தது வெறும் பாசிதான். ஆனாலும் அவன் அன்றைக்கே போய் அடுப்பை அணைத்து, மந்திரத்தை அவிழ்த்துவிட்டான்.

கடல் என்ன கஞ்சிச் சட்டியா, இறக்கி வைத்ததும் ஆறுவதற்கு? தினமும் இருவரும் வெறும் வலையை இழுத்தார்கள். ஒருநாள் நீல மீன் விடைபெற்றுத் தன் ஊருக்குப் போனது. பிறகு பாறை மீன் ஆழத்திலிருந்து மேலே வந்தது, அயிலை வந்தது, சாளை வந்தது. அவற்றின் பின்னாலேயே படகுகளும் வந்தன.

நரைத்த தாடியோடு திரையன் தண்ணீரில் குதித்தான். "வலம்புரி" என்று கூப்பிட்டான்.

அந்தப் பெயரை யாரும் சொல்லி எத்தனையோ காலமாகிவிட்டது. யாரையோ கூப்பிடுகிறான் என்று அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அங்கே கூதலன் மட்டும் நின்றிருந்தான்.

"உங்களைத்தான் போல, அம்மா" என்றான் அவன்.

அப்புறம்தான் ஓடினாள். அழுதாளா சிரித்தாளா என்று என்னைக் கேட்காதீர்கள், இரண்டும்தான்.