காதில் சொன்ன கடவுத்தொடர்

திருநெல்வேலியில் ஒரு ஸ்கேன் நிலையம். ஊர் ஊராகக் கிளைகள். நோயாளிகளின் படங்கள் கணினியில் பூட்டிக் கிடக்கும். அந்தப் பூட்டைத் திறக்க, கிளைக்குச் சில சாவிக் கோப்புகள். அத்தனைக்கும் காவல் ஒரே கடவுத்தொடர், அதாவது நீளமான கடவுச்சொல்.

ஆயுத பூஜை வந்தது. படங்கள் இருக்கும் சர்வருக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டார்கள். பின்னால் வெள்ளைப் பலகை. அதில் கொட்டை எழுத்தில் கடவுத்தொடர். புத்திசாலிகள்!

மேலாளர் ஆவுடையப்பன் ஆடிப்போனார். ஒப்பந்த வேலையில் இருந்த இருதயராஜையும் செண்பகவல்லியையும் கூப்பிட்டார்.

"சாவியில ஆளுக்குப் பாதி. கடவுத்தொடரை மாத்துங்க. ஒழுங்கா முடிக்கிறவங்களுக்கு வேலை நிரந்தரம். மத்தவங்களுக்கு இந்த மாசத்தோட சரி."

கையால் மாற்றினால் பொழுது சாய்ந்துவிடும். இருவரும் தத்தம் இருக்கையிலிருந்தே ஒரே சர்வருக்குள் நுழைந்தார்கள்.

இருதயராஜ் திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். பழைய தொடர், புதிய தொடர் இரண்டையும், சர்வருக்குத் தட்டும் கட்டளை வரியிலேயே எழுதி ஓடவிட்டான். சாவிகள் வரிசையாக மாறின.

"என்னம்மா செண்பகம், இன்னும் கோலமே போடலையா?"

"நீங்க தேரை இழுங்கண்ணே, வாரேன்."

சர்வரில் என்னென்ன வேலை ஓடுகிறது என்று ஒரு பார்வை பார்த்தாள். சிரித்துக்கொண்டாள். பிறகு நிரல் எழுதினாள். அது கடவுத்தொடரைக் கேட்டது, தட்டினாள், திரையில் எழுத்து விழவில்லை. கட்டளை வரியிலும் இல்லை. தொடரை நிரலே உள்ளுக்குள் கைமாற்றியது. ஒவ்வொரு சாவியையும் மாற்றி, திறந்து பார்த்து, அடுத்ததற்குப் போனது.

முதலில் முடித்தவன் இருதயராஜ். சோதித்தார்கள். இருவர் சாவியிலும் பழையது செல்லவில்லை, புதியது திறந்தது. மேலாளர் அவன் கையைக் குலுக்கப் போனார்.

"ஒரு நிமிஷம் சார்." செண்பகவல்லி அவன் காதில் ஏதோ சொன்னாள். அவன் முகம் வெளுத்தது. அவள் சொன்னது அவன் வைத்த புதுத் தொடர்!

"உனக்கு யாரு சொன்னா?"

"நீங்கதாண்ணே."

அவன் தொடரை யாரிடமும் சொல்லவில்லை. அவள் அவன் இருக்கைப் பக்கமே போகவில்லை. எங்கே, சொல்லுங்கள்: அவளுக்கு எப்படித் தெரிந்தது? வேலை யாருக்கு?

விடை: ஒரே சர்வரில் இருப்பவர் ஓடும் வேலைகளைப் பட்டியல் போட்டால், ஒவ்வொன்றின் கட்டளை வரியும் முழுசாகத் தெரியும். திரையைத் திருப்பி என்ன பயன்? அவன் கட்டளை ஓடிய நேரமெல்லாம் தொடர் ஊர் பார்க்கக் கிடந்தது. வெள்ளைப் பலகையில் செய்த அதே தப்பு. அவள் தொடரோ எந்த வரியிலும் இல்லை. வேலை அவளுக்கே. அவன் பாதியையும் தன் நிரலாலேயே மாற்றி முடித்தாள். ஆவுடையப்பன் எழுந்து நின்று கைதட்டினார். அவள் நேரே போய் வெள்ளைப் பலகையை அழித்தாள். அதுவரை ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை.