கெடு தாண்டிய நூல்கள்

ஆற்றுக்கு அக்கரையில் புகை எழும்பியதும் சிவக்கொழுந்து நூலகத்தின் நிலவறைக்கு விரைந்தான். வருகிற படை இதற்கு முந்தைய ஊரில் முதலில் கொளுத்தியதே நூலகத்தைத்தானாம்.

நிலவறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு அல்லியம்மையிடம் ஓடினான். நகரத்தாருக்கும் பல்கலைக்கழகத்தாருக்கும் பொதுவான அந்த நூலகத்துக்குத் தலைவி அவள். அவனுக்குக் குருவும் அவளே.

“அம்மா, இரவல் போனதையெல்லாம் உடனே கொண்டுவரச் சொல்லி முரசு அடிச்சாச்சு. உள்ளே இருக்கிறது, வெளியே போனது எல்லாத்தையும் நிலவறையில வச்சுப் பூட்டிடலாம். கல் சுவரு, இரும்புக் கதவு. முதல்ல எதை இறக்கட்டும்?”

அவள் வாசலுக்கு நடந்தாள். புத்தகங்களோடு சனங்கள் வரிசையில் நின்றார்கள். முதல் ஆள் மீன்காரி பவளக்கொடி.

“இந்தாங்கம்மா. மக பாதிதான் படிச்சிருக்கா. பிடுங்கிட்டு வந்தேன்னு ஒரே அழுகை.”

“அதை நீயே வச்சுக்கோ. இதையும் கொண்டு போ.” அல்லியம்மை ஓர் ஓலைச்சுவடிக் கட்டைக் கூடைக்குள் வைத்தாள்.

“ஐயையோ, எனக்கு எழுத்தே தெரியாதே! மீன் நாத்தம் வேற ஏறிடும்.”

“ஏறட்டும். எந்தப் படைவீரன் உன் கூடையைக் கிளறப்போறான்?”

அடுத்து நின்ற பேராசிரியர் இரண்டு நூல்களை நீட்டினார். நான்கோடு திரும்பிப் போனார். செக்காட்டுகிறவர் கோணிக்குள் வானநூல் புகுந்தது.

சிவக்கொழுந்துக்குப் பொறுக்கவில்லை. “அம்மா, ராசா காலத்துச் சுவடி அது! வாங்கிட்டுப் போறவங்க பேரையாவது எழுதிக்கிறேன்.”

அல்லியம்மை மைக்கூட்டைக் கவிழ்த்தாள்.

“படைத்தலைவன் உன்னைத் தூணில கட்டி வச்சுக் கேட்டா, எத்தனை அடி தாங்குவே?”

பாலத்தில் குதிரைக் குளம்புகள் தடதடத்தன. வரிசை கலைந்து நெருக்கியது. அல்லியம்மையின் கைகள் மட்டும் நிற்கவே இல்லை. அலமாரியிலிருந்து எடுப்பதும் வந்தவர்கள் மடியில் திணிப்பதுமாக இருந்தன.

“இந்த ஊர்க்காரங்களை எனக்குத் தெரியும்மா! கெடு முடிஞ்சும் தராதவங்க வீட்டுக்கு நடந்து நடந்தே செருப்புத் தேஞ்சவன் நான். இதெல்லாம் திரும்பி வராது. ஒண்ணுகூட வராது!”

அவள் அவன் கையைப் பிடித்து நடுக்கூடத்துக் கண்ணாடிப் பேழை முன்னால் நிறுத்தினாள். உள்ளே சில பழைய நூல்கள்.

“இதையெல்லாம் தினமும் துடைக்கிறியே, என்னன்னு தெரியுமா?”

“தெரியாம என்ன? நம்ம நூலகம் முன்னாடி ஒருதடவை எரிஞ்சப்போ மிஞ்சினது. நிலவறையில இருந்ததாலதான் தப்பிச்சுது.”

“நிலவறையில இருந்ததெல்லாம் பூட்டினபடியே வெந்துபோச்சு, சிவக்கொழுந்து. இது, கெடு தாண்டியும் திருப்பித் தராதவங்க வீட்டுல கிடந்தது.”