ரெண்டாவது வாய்

ஒரே ஒரு ஊர்ல ஆவுடையப்பன்னு ஒருத்தர் இருந்தாரு. அவருக்கு என்ன சோலின்னா, ராசா சாப்பிடுததுக்கு முன்னால எல்லாத்துலயும் ஒரு வாய் தின்னு பாக்கணும். சாப்பாட்டுல எவனாவது விசம் வச்சிருந்தா இவரு சாவாரு, ராசா பொழைப்பாரு. நல்ல உத்தியோகம் பாரு! சிரிக்காதீய, சிரிச்சா கதையை நிப்பாட்டிருவேன்.

ஒரு வாய் திம்பாரு, ஒரு நாழி நேரம் கண்ணை மூடிட்டு உக்காந்திருப்பாரு, பொறவு "சாப்பிடலாம் மகராசா"ன்னுவாரு. அதுக்குள்ள சோறு ஆறி அவலாப் போயிரும். இருபது பதார்த்தத்துல ஒவ்வொரு வாய் தின்னா அவருக்கு வயிறும் ரொம்பிரும். இப்படியே நாப்பது வருசம். அப்புறம் ராசா, "போதும்யா, வீட்டுக்குப் போயி சொகமா இரும்"னு சால்வை போத்தி அனுப்பிச்சிட்டாரு.

வீட்டுக்கு வந்தாரா, பெஞ்சாதி முப்பிடாதி ஆசை ஆசையா கத்தரிக்கா கொழம்பு வச்சுப் போட்டா. இவரு ஒரு வாய் தின்னாரு, கண்ணை மூடிட்டு உக்காந்துட்டாரு.

"என்ன செய்தீய?"ன்னு கேட்டா அவ.

"சாவேனா மாட்டேனான்னு பாக்கேன்ளா."

"ஏன், நான் வச்ச கொழம்புல விசமா இருக்கு?"ன்னு கரண்டியைத் தூக்கிட்டா. கேப்பாளா மாட்டாளா?

அதோட விட்டாரா மனுசன்? மறுநா காலைல பக்கத்து வீட்டுக்குள்ள போயி, சட்டியைத் தொறந்து, ஒரு வாய் தின்னு, "விசம் இல்ல, சாப்பிடுங்க"ன்னாரு. அப்புறம் எதுத்த வீட்டுக்குப் போயி ஒரு வாய் தின்னு, "விசம் இல்ல, சாப்பிடுங்க"ன்னாரு. அப்புறம் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயி, மாப்ள வீட்டுக்காரவுக அத்தனை பேரும் பந்தியில உக்காந்திருக்கையில, சத்தமா, "விசம் இல்ல, சாப்பிடுங்க"ன்னாரு! ஒரு பய கை வைக்கல. கல்யாணமே நின்னுபோகப் பாத்துச்சு.

பொண்ணோட ஆத்தா வந்து முப்பிடாதியைப் பிடிச்சுக்கிட்டா. "மதினி, அண்ணாச்சியைக் கட்டிப் போடு, இல்லைன்னா நாங்க கட்டிப் போடுவோம்!"

முப்பிடாதி சேலையைச் சுருட்டி மூட்டை கட்டிட்டா. "நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். நீங்க ஊரையெல்லாம் தின்னு பாத்துக்கிட்டே கெடங்க."

அவ்வளவுதான், ஆவுடையப்பனுக்குக் கண்ணு கலங்கிட்டு. "நான் என்னளா செய்யட்டும்? நாப்பது வருசமா இது ஒண்ணுதானே பழக்கம். சும்மா இருந்தா பயமா இருக்குளா. நீயும் போயிட்டா நான் என்ன ஆவேன்?"

அவளுக்கு மனசு இளகிட்டு. மூட்டையைக் கீழ வச்சா, சோத்தைப் போட்டுக் கொழம்பை ஊத்துனா, முதல் வாய் அவர் தின்னதும் பக்கத்துல உக்காந்து, "கண்ணை மூடக்கூடாது. இப்ப ரெண்டாவது வாய் எடுங்க"ன்னா.

எடுத்தாரு. மென்னாரு. "ஏளா, இதுல பூண்டு போட்டிருக்கியா?"

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து போடுதேன்!"

முதல் வாய்ல விசத்தையே தேடுன மனுசனுக்கு ருசி எப்படித் தெரியும்? அன்னைக்கு மூணு தடவை சோறு வாங்கித் தின்னாரு. மறுநா அவரே ஆட்டுரலுக்கு முன்னால உக்காந்து தோசைக்கு ஆட்டிக் குடுத்தாரு. இப்படி சந்தோசமா இருக்கையில ஒரு நா வாசல்ல குதிரை வந்து நின்னுது. பாத்தா ராசா! ஈர்க்குச்சி மாதிரி மெலிஞ்சு கெடக்காரு.

"ஆவுடையப்பா, உன் எடத்துல மந்திரியோட மச்சினன், சங்கிலின்னு ஒருத்தனைப் போட்டேன். பாதியைத் தின்னாத்தான் விசம் தெரியும்னு பாதியைத் தின்னுபோடுதான். மிச்சமும் ஆறிப்போவுது. நீயே வந்திருய்யா."

"முதல்ல உக்காருங்க மகராசா"ன்னு முப்பிடாதி கல்லுல இருந்து தோசையை எடுத்து நேரா எலையில போட்டா. ராசா பசியில பிச்சு வாயில போட்டாரு. "ஆ! ஆ! இது என்ன, சுடுது?"

பொறந்ததுல இருந்து சூடா ஒண்ணும் தின்னதில்ல அந்த மகராசன்! ஒம்பது தோசை தின்னாரு. எண்ணிக்கிட்டிருந்தது நான் இல்ல, முப்பிடாதி.

"வாரியா?"ன்னாரு ராசா.

"மன்னிக்கணும் மகராசா. நான் இப்பத்தான் சாப்பிடவே ஆரம்பிச்சிருக்கேன். வரமாட்டேன். ஆனா சங்கிலிக்கு ஒரு வழி இருக்கு"ன்னு காதுல சொன்னாரு. ராசா சிரிச்ச சிரிப்புல குதிரை மிரண்டுபோச்சு.

மறுநா ராசா ஒரு பெரிய செம்பைக் கொண்டாரச் சொன்னாரு. "சங்கிலி, வைத்தியர் எனக்குப் பேதிக்குக் குடுத்திருக்காரு. வெளக்கெண்ணெய். நீ பாத்துக் குடு."

"ஒரு சொட்டு நக்கிப் பாத்தாப் போதுமே மகராசா..."

"அதெப்படி? பாதிக்குக் கொறைஞ்சா விசம் தெரியாதுன்னு நீதானே சொன்னே?"

சபையே பாத்துக்கிட்டிருக்கு, என்ன செய்வான்? பாதிச் செம்பைக் குடிச்சான். அப்புறம் ஓடுனான். வந்தான், ஓடுனான். வந்தான், மறுபடியும் ஓடுனான், அப்படியே ஊர் எல்லையைத் தாண்டிட்டான். ராசா அந்த உத்தியோகத்தையே எடுத்துட்டு, அடுப்பங்கரையில சம்மணம் போட்டு உக்காந்து சுடச்சுடத் தின்னாரு.

அடுத்தவன் பங்குல கை வச்சா அப்படித்தான் ஓடணும், தெரிஞ்சுக்கிடுங்க. கதை கடலுக்குப் போச்சு, கேட்ட காது வீட்டுல இருக்கு. ஏலே, அவன் தட்டுல இருந்து அப்பளத்தை எடுக்காதே!